ஒரு விரற்கடை தூரம்

அத்தியாயம் பதினொன்று

போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணப்பன் வீட்டில் நடந்த கூத்து திருவொற்றியூர் முழுக்கத் தெரியும். வெளியூர் போயிருந்தவர்களுக்காக மட்டும் நாலு வரி.

கிருஷ்ணப்பனின் தங்கை மலர்க்கொடிக்கு வயது இருபத்தாறு. தீப்பெட்டிக் கம்பெனியில் எட்டு வருஷமாக வேலை. வந்த வரன்களெல்லாம் ஏதேதோ காரணத்தில் நழுவிப் போக, கடைசியில் ராயபுரத்துச் சுப்பராயன் தன் மகன் சுப்புராஜுக்குப் பெண் கேட்டு வந்தார். சுப்புராஜ் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டுகிறவன். ஓய்வு நேரத்தில் குத்துச்சண்டை. அதிகம் பேசமாட்டான். பார்த்த அன்றே மலர்க்கொடிக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் முகமே சொல்லிக்கொண்டிருந்தது.

வெற்றிலைத் தட்டு மாற்ற மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. பாயசம் கொதிக்கிற பத்து நிமிஷத்தில்தான் வினை வந்தது. "கொரியா சண்டைக்குப் போனியே, இன்னாப்பா கத்துகினு வந்தே?" என்று யாரோ மலர்க்கொடியின் தம்பி ஜெயவேலைச் சீண்டினார்கள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்கிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐம்பத்து நாலில் கப்பலிலிருந்து இறங்கினவன் அவன். இத்தனை நாளில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"மாமா, நீங்க சொம்மா நில்லுங்க. உங்க மேல ஒரு தூசி படாது" என்று சுப்பராயனையே எழுப்பி நிறுத்தினான். கண் இமைப்பதற்குள் அவனுடைய வலது கால் மேலே போய், சம்பந்தியாகப் போகிறவரின் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

படவில்லைதான். ஆனால் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் நாம். பத்துப் பேர் நடுவில் பெரிய மனிதர் ஒருவர் முகத்துக்கு நேரே பாதத்தைக் காட்டினால் யார்தான் பொறுப்பார்கள்? சுப்பராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்கடா" என்றார். தட்டோடு வந்தவர்கள் தட்டோடு திரும்பினார்கள். பாயசம் அடிப்பிடித்துப் போயிற்று.

இதோ, மறு ஞாயிறும் வந்துவிட்டது.

நடுவில் கிருஷ்ணப்பன் மூன்று நடை ராயபுரம் போய்வந்துவிட்டான். மூன்றாவது நடையில் சுப்பராயன் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜெயவேல் வந்து, அதே பத்துப் பேர் முன்னால் அவர் காலில் விழ வேண்டும். விழுந்தால் தட்டு மாற்றலாம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணப்பன் "ஆகட்டும் மாமா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"உன் தம்பி விடிகாலையே எர்ணாவூர் தோப்புக்குப் பூட்டான்" என்றாள் அண்ணி குப்பம்மா, அரிசியைப் புடைத்துக்கொண்டே. "உங்க அண்ணன் போய்ச் சொன்னா அடிதடிதான் நடக்கும். நீ போம்மா. நீ சொன்னா கேப்பான்."

"இன்னான்னு சொல்றது அண்ணி?"

"வுயுடான்னு சொல்லு. உன் கல்யாணம். நீதான் சொல்லணும்."

மலர்க்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

எர்ணாவூர் சவுக்குத் தோப்புக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அவளுக்குத் தம்பி மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் எத்தனை பேர் பட்டாளத்துக்குப் போய் வந்தார்கள்! ஒருத்தன் டிரங்குப் பெட்டி கொண்டுவந்தான், ஒருத்தன் கம்பளி கொண்டுவந்தான். இவன் மட்டும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

தோப்புக்குள் ஜெயவேல் பனியனோடு நின்றிருந்தான். அவளைக் கவனிக்கவில்லை. ஒரு சவுக்கு மரத்துக்கு எதிரில் குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பிலிருந்து குனிந்து வணக்கம் வைத்தான். மரத்துக்குத்தான். மலர்க்கொடிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

பிறகு அவன் கால்களை அகட்டி நின்றான். முட்டி நெஞ்சு வரைக்கும் எழுந்தது. முட்டி நின்ற பிறகுதான் பாதம் புறப்பட்டது. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டான். பாதம் மரப்பட்டைக்கு முன்னால் வந்து நின்று, போன வழியே மடங்கித் திரும்பியது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இடுப்பைத் திருப்பிச் சுற்றி வந்து ஒன்று. மூன்றிலும் மரத்தைத் தொடவில்லை.

"மரத்துக்கு இன்னாடா மரியாதை?" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அக்கா! நீ இன்னா இங்க?"

"மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஜெயவேல் மணலில் உட்கார்ந்தான். "அதான் மொதப் பாடம்க்கா. எதுக்க நிக்கிறவனுக்கு வணக்கம் வெக்கணும். அவன் தலையசைக்கணும். அப்பாலதான் எல்லாம். பாக் எனுக்கு ஒரு மாசம் வணக்கம் மட்டும்தான் சொல்லிக் குடுத்தான். பேஜாராப் பூட்ச்சு."

பாக் என்பவனைப் பற்றி அவள் அரைகுறையாகக் கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள். முகாம் ஆஸ்பத்திரியில் தண்ணீர் காய்ச்சுகிற கொரியாக்காரன். இடது கை முழங்கையோடு போய்விட்டது, குண்டு விழுந்து. ஜெயவேலின் பையில் புளியந்தோப்பு பௌத்த சங்கத்தில் கொடுத்த புத்தர் படம் இருந்ததைப் பார்த்துவிட்டு, அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தானாம். இவனுக்கும் அரை இங்கிலீஷ், அவனுக்கும் அரை இங்கிலீஷ். இரண்டும் சேர்ந்து ஒரு தோஸ்து ஆயிற்று.

"ஒத்தைக் கையை வெச்சிகினு எப்டி சண்டை போடுவேன்னு கேட்டேன். எழுந்து ஒரு உதை உதைச்சான் பாரு, என் தலை மேல கீற தொப்பி பறந்துச்சு. தலையில காத்துதான் பட்டுச்சு. கால்லதான் நெறைய சக்தி கீதாம். கையை விட நீளம், கையை விட கெட்டி. ஆனா மனுசன் அதை நடக்குறதுக்கு மட்டும் வெச்சிகினு கீறான்னு சொல்வான்."

"பேரு ஒண்ணும் இல்லியா இந்த எழவுக்கு?"

"நம்ம ஊர் பாக்ஸிங்ல ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு பரம்பரைப் பேரு கீதில்ல, அத்த மாதிரி அங்க சொல்லிக் குடுக்குற ஒவ்வொரு கூடத்துக்கும் ஒவ்வொரு பேரு வெச்சிகினு இருந்தாங்க. இப்போ ஒரே பேரா வெக்கலாம்னு பேசிகினாங்களாம். லெட்டர்ல எழுதிருந்தான். டேக்வாண்டோ. டேன்னா காலு. க்வோன்னா முஷ்டி. டோன்னா வழி."

மலர்க்கொடி அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். வாயில் நிற்கவில்லை.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். நாலு மணி, ராயபுரம், காலில் விழுவது, அண்ணன் கொடுத்த வாக்கு. சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ மணலைக் கையால் அளைந்துகொண்டே, "வுயுறேன்க்கா. உனுக்காக வுயுறேன். அதுல எனுக்கு இன்னா கொறைஞ்சிடும்?" என்று சொல்லிவிட்டான்.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.  நாளைக்கு அந்த வீட்டில் ஒரு சண்டை என்று வந்தால், முதல் வார்த்தையாக இவன் காலில் விழுந்ததைத்தானே எடுப்பார்கள்?

"அன்னிக்கி அவருக்கு வணக்கம் வெச்சியாடா?" என்றாள் திடீரென்று.

ஜெயவேல் கையிலிருந்த மணலைக் கீழே விட்டான்.

"மரத்துக்கு வெக்கிறே. அந்த மனுசனுக்கு வெச்சியா?"

"இல்லக்கா. எல்லாரும் பாக்குறாங்களேன்னு... சொம்மா தூக்கிட்டேன்."

"எழுந்திரு. எனக்கு நேரா நிறுத்து. அந்தக் காலை அவரு எப்டிப் பாத்தாரோ அப்டி நானும் பாக்கணும்."

அவன் பதறிப் போனான். "இன்னாக்கா பேசுறே? உன் மூஞ்சிக்கு நேரா எப்டி காலைத் தூக்குவேன்? நீ அக்கா."

"அவரு மட்டும் உனுக்கு யாருடா?"

அவன் முகம் சுருங்கியது. ஒரு வாரமாக ஊரே சேர்ந்து திட்டியும் அவனுக்கு ஏறாத விஷயம், அப்போதுதான் ஏறியது. மெல்ல எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"வணக்கம் வெச்சிட்டுச் செய்யி. நான்தான சொல்றேன்."

அவன் குனிந்து வணங்கினான். அவள் தலையசைத்தாள்.

என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் காற்று அடித்தது. கண்ணைத் திறந்தபோதுதான், தான் கண்ணை மூடியிருந்தது தெரிந்தது. ஒரு விரற்கடை தூரத்தில் தம்பியின் உள்ளங்கால், வெடிப்பு வெடிப்பாக, மணல் ஒட்டிக்கொண்டு.  அவமானம் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அந்த இடத்தில் அவமானமே இல்லை. வெறும் பயம்தான் இருந்தது. அதுவும் கூடப் பிறந்தவனிடம், அடிக்கமாட்டான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும்.

"இன்னொரு தபா" என்றாள்.

இரண்டாம் தரமும் கண் மூடிக்கொண்டது. மூன்றாம் தரம்தான் பிடிவாதமாகத் திறந்தே வைத்திருந்தாள். முட்டி எழுவதும், பாதம் வருவதும், வந்து நிற்பதும் முழுசாகத் தெரிந்தது. பயம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு லேசு வந்தது. அவளை அறியாமல் சிரித்துவிட்டாள்.

"ஜெயா, அன்னிக்கி அவரு கண்ணை மூடிகினாரா?"

அன்றைக்கு அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சுப்பராயனின் முதுகைத்தான் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாரும் காலைப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தவன் எதிரே நின்ற இவன் ஒருத்தன்தான்.

"அத்த நான் சொல்லமாட்டேன்" என்றான் ஜெயவேல்.

அவ்வளவு போதுமாயிருந்தது. சுப்பராயன் அந்தக் காலத்தில் கப்பல்காரச் சோல்ஜர்களோடு குத்துச்சண்டை மேடையேறி நின்றவர். முகத்துக்கு முஷ்டி வந்தால் இமைக்காத மனிதர் என்று ராயபுரமே சொல்லும். அவர் ஒரு ஸ்ட்ரெச்சர்காரன் காலுக்கு முன்னால், பெற்ற மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிவிட்டார். இவன் ஆயிரம் தரம் காலில் விழுந்தாலும் அது ஆறுமா? மருமகளைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு அதுதானே ஞாபகம் வரும்?

திரும்புவதற்கு முன்னால் மலர்க்கொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதே சவுக்கு மரத்துக்கு வணக்கம் வைத்து, முட்டியை உயர்த்தினாள். இடுப்பு வரைக்கும் வந்தது. அப்புறம் தடுமாறி மணலில் உட்கார்ந்தாள். அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாரத்தில் அந்தக் குடும்பத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

மத்தியானம் அவளும் கூடவே கிளம்பியதைப் பார்த்துக் குப்பம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு போய் மாப்பிள்ளை வூட்டு வாசல்ல நிக்கறதா? ஊர் சிரிக்கும்டி."

"ஏற்கெனவே சிரிச்சிகினுதான் கீது அண்ணி."

கிருஷ்ணப்பன் வெற்றிலைத் தட்டிலிருந்த பாக்கையும் பழத்தையும் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான். வார்ப்படக் கம்பெனியில் இரும்புக் குழம்பு ஊற்றுகிறவன்.  அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. தங்கையைக் கரையேற்றாமல் தனக்கு ஒரு நல்ல சட்டை வேண்டாம் என்று இருந்தவன். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின் தெருவில், சுப்பராயன் தன் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதே பத்துப் பேர் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க இன்னும் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். சுப்புராஜ் தூணோரம் நின்றிருந்தான்.

"வுயுடா" என்றான் கிருஷ்ணப்பன்.

ஜெயவேல் ஒரு அடி முன்னால் வைத்தான். மலர்க்கொடி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, ஒரு வார்த்தை."

முற்றம் சலசலத்தது. "பொண்ணு பேசுது பாரு" என்று யாரோ சொன்னார்கள். கிருஷ்ணப்பன் கையை ஓங்கினான். சுப்பராயன் "இருப்பா, பேசட்டும்" என்றார்.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "இவன் செஞ்சது தப்புதான் மாமா. ஆனா நீங்க நெனைக்கிற தப்பு இல்ல. இவன் கத்துகின வித்தையில மொதப் பாடமே வணக்கம்தான். எதுக்க நிக்கிறவரு கண்ணைப் பாத்து வணக்கம் வெக்கணும், அவரு தலையசைக்கணும். அப்பாலதான் காலு எழணும். தலையசைக்காத ஆளு எதுக்க தூக்குனா, அது தூக்குனவனுக்குத்தான் அசிங்கம். அன்னிக்கி இவன் உங்களை ஒண்ணும் கேக்கலை. நீங்க தயாராவும் இல்ல. கால்ல வுயுந்தா அந்தத் தப்பு போவாது மாமா. முறையா மறுபடியும் ஆரம்பிச்சாத்தான் போவும்."

"மறுபடியும் காலைத் தூக்கவா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

சுப்பராயன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை நீண்டுகொண்டே போனது. இதோடு கல்யாணம் போச்சு என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். எட்டு வருஷத் தீப்பெட்டி வேலை இன்னும் எட்டு வருஷம் நீள்வது கண்ணுக்குத் தெரிந்தது. தூணோரம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சுப்பராயன் எழுந்தார். துண்டை எடுத்து மகன் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றார்.

"வெய்யிடா வணக்கம்."

ஜெயவேல் குதிகாலைச் சேர்த்து இடுப்பிலிருந்து குனிந்தான். நிதானமாக நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான். சுப்பராயன் பழக்கதோஷத்தில் இரண்டு முஷ்டியையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டார். பிறகு தலையசைத்தார்.

முட்டி எழுந்தது. பாதம் வந்தது. சத்தத்தில் கூரை மேலிருந்த காக்கை பறந்தது. ஒரு விரற்கடை தூரத்தில் கால் நின்றது.

மலர்க்கொடி இந்தத் தரம் முன்னால் நின்றிருந்தாள். அவருடைய கண்கள் இரண்டும் திறந்திருந்தன. இமை கூட அசையவில்லை. கன்னத்தோரம் நிற்கிற உள்ளங்காலை அவர் ஏதோ சாமானை விலைக்கு வாங்குகிறவர் போல நிதானமாகப் பார்த்தார்.

"எறக்கு" என்றார்.

ஜெயவேல் காலை மடக்கி இறக்கினான்.

"முட்டிதான் மொதல்ல வருது. முட்டியைப் பாத்தா காலு எங்க வரும்னு தெரிஞ்சிடுது. இன்னும் கொஞ்சம் மறைச்சு எடுக்கணும்டா" என்றார் சுப்பராயன். "இதுக்கு இன்னா பேரு?"

"டேக்வாண்டோ மாமா."

"இன்னா எழவோ. நல்லாத்தான் கீது."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். குப்பம்மா தட்டை முன்னால் நீட்டினாள். கிருஷ்ணப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெற்றிலை மாறியது. தை மாதத்தில் நாள் பார்ப்பது என்று பேச்சாயிற்று.

கிளம்பும்போது மலர்க்கொடி குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சுப்பராயன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் செம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"உன் தம்பி சொன்னானாம்மா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இன்னாது மாமா?"

"அன்னிக்கி நானு..." அவரால் முடிக்க முடியவில்லை.

"அவன் சொல்லலை மாமா. நான் கேட்டதுக்கும் சொல்லமாட்டேன்னுட்டான்."

"அப்ப உனுக்கு எப்டித் தெரியும்?"

"காலைல என் மூஞ்சிக்கு நேரா நிறுத்தச் சொன்னேன். நானும் மூடிகினேன் மாமா. ரெண்டு தபா."

சுப்பராயன் செம்பை இடது கைக்கு மாற்றினார். விரல் முட்டிகள் உடைந்து கோணிப்போன அந்தப் பெரிய கையைத் தூக்கி ஒரு கணம் அவள் தலைமேல் வைத்தார். பிறகு தண்ணீரைக் குடிக்காமலே உள்ளே போய்விட்டார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் சுப்புராஜ் கூட வந்தான். கிருஷ்ணப்பனும் மற்றவர்களும் முன்னால் போக, அவன் நாலடி தள்ளி அவளோடு நடந்தான். வாயைத் திறக்கவே தெரு முடிந்துவிட்டது.

"குழாயடியில நைனாகிட்ட பேசுனது காதுல வுயுந்துச்சு" என்றான். "மூஞ்சிக்கு நேரா நிறுத்தச் சொன்னவ சொம்மாவா இருந்திருப்பே? நீயும் காலைத் தூக்கிப் பாத்தியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "முட்டி இடுப்பு வரைக்கும் வந்துச்சு. மீதியும் கத்துக்கலாம்னு கீறேன்."

"கல்யாணத்துக்கு அப்பாலயுமா?"

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. மலர்க்கொடி நின்றாள். குதிகால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவன் கண்ணை நேராகப் பார்த்துக் கொஞ்சம் குனிந்தாள்.

"எதுக்க நிக்கிறவரு தலையசைச்சாத்தான் ஆரம்பிக்கணும். அதான் சட்டம்" என்றாள்.

"ஏய், பஸ்ஸு வந்துச்சுடி!" என்று குப்பம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டாள். இடம் பிடித்து உட்கார்ந்து மலர்க்கொடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சுப்புராஜ் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் அவன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் அசையவில்லை.